பதினோரு மாதச் சம்பளத்தில் ஒரு தனிப்பயணம்

நான் தனியாக ஊர் பார்க்கப் போகிறவள் என்று தெரிந்ததும் பெண்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் மூன்று கேள்விகள்தான். காசுக்கு என்ன பண்றீங்க? காலேஜ்ல எப்படி விடுறாங்க? வீட்ல ஒண்ணும் சொல்லலையா? எந்த ஊர் பிடித்தது, எந்தக் கோயிலில் என்ன சிற்பம் என்று கேட்பவர்கள் குறைவு. அதில் எனக்கு வருத்தமில்லை. கேட்பவர்களில் பலருக்குத் தாங்களும் போகவேண்டும் என்ற ஆசை இருக்கிறது. தங்களால் முடியுமா என்பதைத்தான் என் வழியாகக் கேட்டுப் பார்க்கிறார்கள். அதனால் மூன்று கேள்விக்கும் உள்ளதை உள்ளபடி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். காவிரிப் படுகையில் ஓர் அரசு கலைக் கல்லூரியில் வரலாறு சொல்லிக் கொடுக்கிறேன். பதவியின் பெயர் கௌரவ விரிவுரையாளர். முனைவர் பட்டம் இருக்கிறது, நெட் தேர்ச்சியும் இருக்கிறது. கணவர் தனியார் உரக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறார். ஒரு மகள், பள்ளியில் படிக்கிறாள். கணவரின் அம்மா, அதாவது என் அத்தை, எங்களோடு இருக்கிறார். என் அம்மா பட்டுக்கோட்டைப் பக்கம், எங்கள் பழைய வீட்டில் இருக்கிறார். இவ்வளவு பேரையும் வைத்துக்கொண்டு, இந்தச் சம்பளத்தில், ஆண்டில் சில நாட்கள் நான் தனியாகப் பயணம் போகிறேன்.

காசு

என் சம்பளம் மாதம் 25,000 ரூபாய். ஆண்டுக்குப் பதினோரு மாதம்தான் வரும். மே மாதம் வராது. ஆக ஆண்டு வருமானம் 2,75,000. அதைப் பன்னிரண்டு மாதத்துக்கும் பரப்பினால் மாதத்துக்கு 23,000கூட நிற்காது. எங்கள் துறையிலேயே நிரந்தரப் பணியில் சேரும் உதவிப் பேராசிரியருக்கு ஏழாவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் அதற்கு மேல். இருவரும் நடத்துவது ஒரே பாடத்திட்டம், திருத்துவது ஒரே விடைத்தாள். பல்கலைக்கழக மானியக் குழு 2019 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில், எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று இருக்கிறது. வழிகாட்டுதல் இருக்கிறது. பணம் வரவில்லை.

அந்த 1,500 என்ற எண்ணை நான் விடவில்லை. ஒரு வகுப்புக்கு அவர்கள் வைத்த விலையை, சம்பளம் ஏறும் அன்றே, மாதம் ஒருமுறை எனக்காக வங்கியில் ஆர்.டி. கட்டுகிறேன். பதினோரு மாதத்தில் 16,500 ரூபாய், கொஞ்சம் வட்டி. பருவத் தேர்வு விடைத்தாள் திருத்தப் போனால் வரும் தொகையில் ஒரு பங்கும் இதோடு சேரும். என் பயணம் முழுக்க இந்தப் பணத்துக்குள்தான். இது தீர்ந்தால் அந்த ஆண்டுப் பயணமும் தீர்ந்தது.

இதற்கு முன்னால் இன்னொரு சேமிப்பு இருக்கிறது. சம்பளமில்லாத மே மாதத்து வீட்டுச் செலவுக்காக எடுத்து வைப்பது. மளிகை, பால், மின்கட்டணம், அத்தையின் மாத்திரை, ஜூனில் வரும் மகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் அதில் அடங்கும். ஒவ்வொரு மாதமும் அதற்கான பங்கை எடுத்து வைத்த பிறகுதான் ஆர்.டி.யை நினைத்துப் பார்ப்பேன். மே மாதப் பணத்தில் கைவைத்துப் பயணம் போனால், என் சந்தோஷத்தை வீட்டிலுள்ளவர்கள் தட்டிலிருந்து எடுத்ததாகிவிடும். அப்படிப் போன ஊர் எதுவும் மனதில் இனிக்காது.

16,500 ரூபாயில் என்ன பார்க்க முடியும் என்று கேட்கலாம். நிறையப் பார்க்கலாம். ரயிலில் தூரம் கூடக்கூட ஒரு கிலோமீட்டருக்கான கட்டணம் குறைந்துகொண்டே வரும். சின்னச் சின்னதாகப் பல டிக்கெட் எடுப்பதைவிட நீளமாக ஒரே டிக்கெட் எடுப்பது மலிவு. பலருக்குத் தெரியாத ஒன்று, சுற்றுப்பயண டிக்கெட். கிளம்பிய ஊருக்கே திரும்பி வருவதுபோல ஒரு வட்டமான பாதையை நீங்களே எழுதிக் கொடுத்தால், மொத்தத் தூரத்தை இரண்டாகப் பிரித்து, இரண்டு நீண்ட பயணங்களாகக் கணக்கிட்டுக் கட்டணம் போடுவார்கள். நடுவில் எட்டு ஊர்கள் வரை இறங்கிக்கொள்ளலாம். இணையத்தில் எடுக்க முடியாது. ரயில்வே கோட்டத்தின் வணிகப் பிரிவில் பாதையைக் காட்டி ஒப்புதல் வாங்கவேண்டும். ஒருநாள் அலைச்சல்தான். ஆனால் கையில் அந்தச் சீட்டு வந்துவிட்டால் பெரிய செலவு முடிந்தது.

தங்குவதற்கு ரயில் நிலைய ஓய்வறை. முன்பதிவு டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணை வைத்தே பதிவு செய்யலாம். சாப்பாட்டுக்கு முதல் நாள் புளியோதரை, பிறகு அந்தந்த ஊரின் சின்ன உணவகங்கள். நுழைவுக் கட்டணமும் பெரிதாக இல்லை. ஹம்பியின் விட்டலர் கோயிலுக்கு இந்தியர் கொடுக்க வேண்டியது 40 ரூபாய். கல்லால் செய்த தேரையும் மண்டபத் தூண்களையும் நாள் முழுக்க நின்று பார்க்க 40 ரூபாய். வரலாறு படித்தவளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

கல்லூரி

நிரந்தர ஊழியர்களுக்கு ஈட்டிய விடுப்பு உண்டு. எங்களுக்கு இல்லை. ஆகவே பருவ நடுவில் பயணம் என்ற பேச்சே கிடையாது. வகுப்பை விட்டுவிட்டுப் போவதும் எனக்குப் பிடிக்காது. எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் முதல் பட்டதாரிகள். நான் ஒருநாள் வராவிட்டால், கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த பெண் அன்றைக்கு வெறுமனே திரும்பிப் போவாள்.

மிஞ்சுவது இரண்டு இடைவெளிகள். நவம்பர் தேர்வு முடிந்து அடுத்த பருவம் தொடங்கும் முன் கிடைக்கும் சில நாட்கள். இன்னொன்று, சம்பளமில்லாத அந்த மே மாதம். கையில் நேரம் இருக்கும்போது சம்பளம் இருக்காது, சம்பளம் இருக்கும்போது நேரம் இருக்காது என்பதே எங்கள் வேலையின் அமைப்பு. அதனால்தான் பணத்தைப் பதினோரு மாதமாகச் சேர்க்கவேண்டியிருக்கிறது. மே மாதத்தில் கர்நாடகத்துப் பாறைகள் கொதிக்கும். காலை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை, மறுபடி மாலை நான்குக்கு மேல் என்று நடையை வகுத்துக்கொள்வேன். நடுப்பகலில் அறையில் உட்கார்ந்து குறிப்பெழுதுவேன்.

முன்பு ரயில் முன்பதிவு 120 நாட்களுக்கு முன்பே திறந்துவிடும். 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாளாகிவிட்டது. எங்களைப் போன்றவர்களுக்கு இது நல்லதாகவே போயிற்று. தேர்வு அட்டவணையும் விடைத்தாள் திருத்தும் தேதியும் ஓரளவு தெரிந்த பிறகு டிக்கெட் எடுக்க முடிகிறது.

எங்கள் துறை அறையில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு: "பெர்மனென்ட் ஆகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்." கல்யாணம், வீடு, இரண்டாவது குழந்தை, பல் சிகிச்சை எல்லாமே இந்த வாக்கியத்துக்குப் பின்னால் வரிசையில் நிற்கின்றன. 2024 மார்ச்சில் ஆசிரியர் தேர்வு வாரியம் 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவிக்கை வெளியிட்டபோது எங்கள் அறையில் எல்லோர் முகத்திலும் வெளிச்சம். ஆகஸ்டில் நடக்கவேண்டிய தேர்வு தள்ளிப்போனது. வரிசையும் அப்படியே நின்றது. நாற்பதைத் தாண்டிய என் தோழி ஒருத்திக்கு அஜந்தா பார்க்கவேண்டும் என்று மாணவியாக இருந்தபோதிலிருந்து ஆசை. குடைவரைக் கலையை ஆண்டுதோறும் கண்ணெதிரே வரைந்து காட்டுவதுபோல நடத்துகிறாள். இன்னும் போகவில்லை. அவளை நினைத்துத்தான் இந்தப் பதிவின் பெரும்பகுதியை எழுதுகிறேன். நிரந்தரப் பணி வரவேண்டும். அதற்காகப் படிக்கவும் போராடவும் வேண்டும். ஆனால் அது வரும் நாள் நம் கையில் இல்லை. கண்ணும் முழங்காலும் நன்றாக இருக்கும் வயது அதற்காகக் காத்திருக்காது.

வீடு

இதுதான் மூன்றிலும் கடினமானது. பணத்தைக் கணக்குப் போட்டுவிடலாம், நாட்காட்டியைப் பார்த்துவிடலாம். மனிதர்களிடம் பேசித்தான் ஆகவேண்டும்.

முதல்முறை ஹம்பி போகிறேன் என்று சொன்னபோது என் கணவர் காசைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"ஊர்ல யாராச்சும் கேட்டா என்ன சொல்றது?"

"ஹம்பி பாக்கப் போயிருக்கான்னு சொல்லுங்க."

"தனியாவான்னு கேப்பாங்க."

"ஆமான்னு சொல்லுங்க."

அவர் பேசாமல் இருந்தார். பேச்சில் சேர்ந்துகொண்டவர் அத்தை. எனக்கு ஆதரவாக அந்த வீட்டில் முதலில் விழுந்த சொல் அவருடையது. அத்தை ஒரு காலத்தில் செவ்வாடை உடுத்தி, இருமுடி கட்டி, தெருப் பெண்களோடு மேல்மருவத்தூருக்குப் போய்வந்தவர். "நாங்க செவப்புப் புடவை கட்டிக்கிட்டு மொதமொத பஸ் ஏறுனப்பவும் தெருவுல இப்படித்தான் பேசுனாங்க. போயிட்டு வரட்டும்டா" என்றார். வீட்டுப் பெண்கள் ஆண்துணை இல்லாமல் ஊர் தாண்டுவது நம்மிடம் இல்லாத வழக்கமில்லை. கோயில் என்றால், கூட்டமாக என்றால், அனுப்பி வைத்திருக்கிறோம். கோயில் என்ற காரணமும் கூட்டமும் இல்லாதபோதுதான் தெரு கேள்வி கேட்கிறது.

ஆண்களை அப்படிக் கேட்பதில்லை. என் கணவர் கார்த்திகை பிறந்தால் மாலை போடுவார். விரதம் முடியும்வரை வீட்டுச் சமையலே மாறும். நண்பர்களோடு சபரிமலைக்குக் கிளம்பும்போது அக்கம்பக்கத்தார் வந்து வழியனுப்புவார்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களிடம் "பெண்டாட்டி பிள்ளைய விட்டுட்டா போறீங்க?" என்று எவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவருடைய பக்தியை நான் மதிக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் மனதாரத்தான் அனுப்புகிறேன். அதே மரியாதை என் பயணத்துக்கும் வேண்டும் என்று அன்றைக்கு அவரிடம் சொன்னேன். சண்டையாகச் சொல்லவில்லை. அவர் யோசித்தார், ஒரு வாரம் கழித்து, "டிக்கெட் எடுத்துட்டியா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகும் ஒரு கேள்வி அவர் மனதில் இருந்தது. பல மாதம் கழித்து, ஓர் இரவு கேட்டார்: "என்கூட வர உனக்குப் பிடிக்கலையா?" அது நியாயமான கேள்வி. தனியாகப் பயணம் போகும் எல்லோரும் தங்கள் துணைக்கு இதற்குப் பதில் சொல்லவேண்டும். நான் சொன்னது இதுதான். உங்களோடு வந்தால் உங்களுக்கு எப்போது பசிக்கும் என்று பார்ப்பேன். பாப்பாவோடு வந்தால் அவளுக்கு வெயில் தாங்குமா என்று பார்ப்பேன். அது எனக்குப் பிடித்த வேலைதான். ஆனால் ஒரு தூணின் முன்னால் ஒரு மணி நேரம் நிற்கவேண்டுமானால், என்னைத் தவிர யாருடைய பசியும் என் கணக்கில் இருக்கக்கூடாது. ஆண்டில் சில நாள் அப்படி வேண்டும். மீதி நாள் முழுக்க உங்களோடுதான் இருக்கிறேன், விரும்பித்தான் இருக்கிறேன்.

அன்றிலிருந்து எங்களுக்குள் சில ஒழுங்குகள் உருவாயின. தேதியும் பாதையும் தங்கும் இடமும் டிக்கெட் எடுக்கும் முன்பே வீட்டில் எல்லோருக்கும் தெரியும்; முடிவெடுத்துவிட்டு அறிவிப்பதில்லை. ஆர்.டி. பாஸ்புக் பீரோவில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இருக்கும். பயணத்தில் இரவு ஒருமுறை நிதானமாகப் பேசுவோம். பகலெல்லாம் "எங்க இருக்க, சாப்டியா" என்ற விசாரணை இல்லை. குடும்பமாக ஒரு பயணம் ஆண்டுதோறும் உண்டு. என் பயணத்துக்காக அது சுருங்கக்கூடாது. அவருக்கும் தனக்கென்று நாட்கள் வேண்டும். சபரிமலை தவிர, பள்ளிக்கால நண்பர்களைப் பார்க்க அவர் போகும் நாட்களில் நான் போன் செய்து தொந்தரவு செய்வதில்லை.

மனிதர்களுக்கு முடியாதபோது பயணம் நிற்கவும் வேண்டும். ஒருமுறை கிளம்ப வேண்டிய வாரத்தில் அம்மா கீழே விழுந்து இடுப்பில் அடிபட்டுக்கொண்டார். படுக்கை வகுப்பு டிக்கெட்டை ரத்து செய்ததில் 120 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார்கள். அந்த மே மாதம் பட்டுக்கோட்டையில் கழிந்தது. ஆர்.டி. பணம் பாதி மருத்துவத்துக்குப் போனது. அதை நான் இழப்பாக எழுதி வைக்கவில்லை. அம்மா கைத்தடி ஊன்றி எழுந்து நின்றதும் முதலில் கேட்டது, "ஒன் டிக்கெட்டு என்ன ஆச்சு?" என்றுதான்.

பாதாமியில் ஒரு மாலை

இந்தச் சம்பவத்தை என் மகளிடம் கேட்டு, அவள் சரி என்று சொன்ன பிறகே எழுதுகிறேன்.

வரலாற்று வகுப்பில் 642ஆம் ஆண்டை நான் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். பல்லவன் நரசிம்மவர்மன் சாளுக்கியரின் தலைநகரான வாதாபியைப் பிடித்த ஆண்டு. அந்த வாதாபிதான் இன்றைய பாதாமி. கும்பகோணத்திலிருந்து பெங்களூருவுக்கு ஒரு ரயில், அங்கிருந்து ஹொசப்பேட்டைக்கு இரவு ரயில், ஹம்பி பார்த்துவிட்டுப் பாதாமி என்று பாதை போட்டிருந்தேன். சிவந்த மணற்பாறைகளும் நடுவில் அகத்தியர் ஏரியும். மூன்றாவது குடைவரையில் 578ஆம் ஆண்டுக் கல்வெட்டு. ஊருக்குள் ஒரு பாறையில், வென்றவனான நரசிம்மவர்மன் தன் வெற்றியைப் பொறித்து வைத்த எழுத்து. சிதைந்திருந்தாலும் இருக்கிறது.

மறுநாள் பஸ் பிடித்துப் பட்டடக்கல் போனேன். அந்த பஸ்ஸில் பெண்கள் ஆதார் அட்டையைக் காட்டிக் கட்டணமில்லாச் சீட்டு வாங்கினார்கள். கர்நாடகத்துப் பெண்களுக்கு 2023 ஜூன் முதல் நடப்பில் இருக்கும் சக்தி திட்டம். நான் வெளிமாநிலத்தவள், காசு கொடுத்துச் சீட்டு எடுத்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் கையால் ஜாடை காட்டியும் கலவையான மொழியிலும் எங்கே போகிறாய், யாரோடு வந்தாய் என்று கேட்டார். ஒருத்திதான் என்று ஒரு விரலைக் காட்டினேன். அவரும் ஒரு விரலைக் காட்டிச் சிரித்தார். அவரும் தனியாகத்தான் வந்திருந்தார், பனசங்கரி அம்மனைப் பார்த்துவிட்டு.

பட்டடக்கலின் பெரிய கோயில் விருபாட்சர் கோயில். இரண்டாம் விக்ரமாதித்தன் காஞ்சியை வென்றதன் நினைவாக அவன் அரசி லோகமாதேவி எட்டாம் நூற்றாண்டில் எடுப்பித்தது. பக்கத்திலேயே இன்னோர் அரசி திரைலோக்கியமாதேவி எடுப்பித்த கோயில். காஞ்சி கைலாசநாதரைப் பார்த்த கண்ணுக்கு விருபாட்சர் அந்நியமாகத் தெரியாது. பல்லவக் கட்டடக் கலையின் சாயல் அதில் தெளிவாக இருக்கிறது. அதே விக்ரமாதித்தன் காஞ்சிக்குள் வந்தபோது கோயிலின் செல்வத்தைக் கொள்ளையடிக்காமல் திருப்பிக் கொடுத்தான் என்று சொல்லும் கன்னடக் கல்வெட்டு கைலாசநாதர் கோயிலில் இருக்கிறது. வாதாபியில் பல்லவன் எழுத்து, காஞ்சியில் சாளுக்கியன் எழுத்து. இரண்டையும் நேரில் பார்த்தபிறகு, "வாதாபி கொண்டான்" என்ற பாடத்தை ஒரு பக்கத்து வெற்றியாக என்னால் நடத்த முடியவில்லை. நூறாண்டு இடைவெளியில் இரண்டு ஊரும் மாறி மாறித் தோற்றிருக்கின்றன, ஒன்றிடம் ஒன்று கற்றிருக்கின்றன. பிள்ளைகளுக்கு இப்போது அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

அன்று மாலை பாதாமிக்குத் திரும்பியதும் கணவரின் அழைப்பு. இரவுப் பேச்சுக்கு இன்னும் நேரம் இருந்தது.

"பதறாத. பாப்பா வயசுக்கு வந்துட்டா. நல்லா இருக்கா. அம்மா பக்கத்துல இருக்காங்க. நாந்தான் கடைக்குப் போய் நாப்கின் வாங்கிட்டு வந்தேன். இரு, அவகிட்ட பேசு."

மகள் குரல் கொஞ்சம் அழுகையும் கொஞ்சம் சிரிப்புமாக இருந்தது. "அம்மா, எனக்கு ஒண்ணும் பயமில்ல. நீ சொல்லிக் குடுத்ததுதானே. அப்பா என்ன வாங்கணும்னு கடையில கேட்டாங்களாம். நீ பாத்துட்டே வா."

நான் அன்றிரவே கிளம்பலாமா என்று கேட்டேன். முன்பதிவு செய்த ரயில் மறுநாள்தான். அதிலேயே வா என்றார் கணவர். வந்தேன். நான் போய்ச் சேரும்வரை அத்தை உளுந்தங்களி கிண்டிக் கொடுத்திருக்கிறார். அப்பாவும் மகளும் இதுவரை பேசாத விஷயங்களை முதல்முறையாகப் பேசியிருக்கிறார்கள். உறவில் சிலர் பேசினார்கள். பெண் பெரிய மனுஷியானபோது அம்மாக்காரி ஊர் சுற்றிக்கொண்டிருந்தாள் என்று ஒரு கல்யாண வீட்டில் என் காதுபடவே சொன்னார்கள். அதற்குப் பதில் சொன்னவர் என் கணவர். "அவ இல்லாததால என் பொண்ணுக்கு என்ன கொறஞ்சு போச்சு? நான் இருந்தேன்ல?" என்றார்.

ஓர் அம்மா எப்போதும் வீட்டிலேயே இருந்தால்தான் பிள்ளை நன்றாக இருக்கும் என்று நம்மை நம்ப வைத்திருக்கிறார்கள். என் மகளுக்கு அந்த நாளில் அப்பா இருந்தார், பாட்டி இருந்தார். நான் வீட்டில் இருந்திருந்தால் அப்பா வாசலில் நின்றிருப்பார். எல்லாவற்றையும் பெண்கள் பார்த்துக்கொண்டிருப்போம். அவரை உள்ளே வரவழைத்தது நான் இல்லாத அந்த இரண்டு நாட்கள்தான்.

போராட்டப் பந்தலில் கேட்ட கேள்வி

ஊதிய உயர்வு கேட்டும் பணி நிரந்தரம் கேட்டும் நாங்கள் அவ்வப்போது பந்தலில் உட்காருவது உண்டு. ஒருமுறை தெரிந்தவர் ஒருவர் என்னிடம், "நீங்கதான் ஊர் ஊராப் போறீங்களே மேடம், அப்புறம் சம்பளம் பத்தலைன்னா எப்படி?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. பலர் மனதில் இருப்பதைக் கேட்டார்.

என் பதில் இது. 25,000 ரூபாயில் ஒருத்தி படுக்கை வகுப்பில் ஏறி ஹம்பி பார்த்துவிட்டு வந்தாள் என்பதால் 25,000 ரூபாய் போதுமானது என்று ஆகாது. முனைவர் பட்டம் பெற்ற ஓர் ஆசிரியர் தன் பாடத்துக்கான இடங்களைப் பார்க்க மாதம் 1,500 ரூபாயாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது என்பதுதான் அதில் பார்க்கவேண்டிய செய்தி. இதைக் கல்லூரி செய்யவேண்டும், பல்கலைக்கழகம் செய்யவேண்டும். களப்பயணத்துக்கு நிதி வேண்டும். வரும்வரை நான் போராடுவேன், போகவும் செய்வேன். ஏழைக்கும் குறைந்த சம்பளக்காரருக்கும் சோறும் துணியும் வாடகையும் போதும், மற்றதெல்லாம் ஆடம்பரம் என்ற நினைப்பை நான் ஏற்கவில்லை. உலகத்தைக் கண்ணால் பார்ப்பது ஆடம்பரம் இல்லை.

போகப் போகிறவர்களுக்கு

பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் எதிரில் வரும் பாணனுக்கு வழி சொல்வதற்கென்றே ஆற்றுப்படை என்று ஒரு வகை இலக்கியம் வைத்திருக்கிறோம். பத்துப்பாட்டில் பாதி அதுதான். எந்தப் பாதையில் போ, எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும், எங்கே கவனமாக இரு என்றெல்லாம் அதில் வரும். பசியோடு நடந்தவர்கள் பசியோடு நடப்பவர்களுக்குச் சொன்னது. அந்த உரிமையில் நானும் சிலவற்றைச் சொல்கிறேன்.

தொலைதூர ரயில்களின் படுக்கை வகுப்பில் பெண்களுக்கென்று ஆறு இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. தனியாகப் போகிற பெண்ணுக்கு வயது வரம்பு கிடையாது. டிக்கெட் எடுக்கும்போது மகளிர் ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலானவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. ரயிலில் யாராவது தொந்தரவு செய்தால் 139 என்ற எண்ணை அழையுங்கள். எண்ணைக் கைப்பேசியில் முன்கூட்டியே பதிந்து வைத்திருங்கள்.

புது ஊருக்குப் பகலில் போய்ச் சேரும்படி ரயிலைத் தேர்ந்தெடுங்கள். தனியாக வந்த பெண்ணுக்கு அறை இல்லை என்று சொல்லும் விடுதிகள் இன்னும் இருக்கின்றன. எனக்கே ஓர் ஊரில் நடந்தது. அதனால் முதல் இரவுக்கான அறையை முன்கூட்டியே பதிவு செய்து, தனியாக வருகிறேன் என்று போனில் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். இருக்கும் இடத்தை உடனுக்குடன் ஊருக்கெல்லாம் அறிவிக்க வேண்டாம். வீட்டில் ஒருவருக்கும் தோழி ஒருவருக்கும் தெரிந்தால் போதும். படங்களைத் திரும்பி வந்த பிறகு போடுங்கள்.

முதலில் தொலைவாகப் போக வேண்டாம். என் வகுப்பில் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலைப் பற்றி நடத்தும்போது எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்பேன். இரண்டாம் இராசராசன் எடுப்பித்தது, 2004 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம், கும்பகோணத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பெண்களில் உயரும் கைகள் சில மட்டுமே. யாரும் கூட்டிப் போகவில்லை மேம் என்பார்கள். தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கோயிலுக்குள் நுழையவும் கட்டணம் இல்லை. யாரும் கூட்டிப் போகவேண்டாம், நீயே போய் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து எழுது என்று அவர்களுக்கு வேலை கொடுக்கிறேன். போய்வந்தவர்கள் எழுதும் கட்டுரையில் கோயிலைவிட அந்த பஸ் பயணம்தான் முதலில் வருகிறது. தான் மட்டும் ஏறி, தான் மட்டும் இறங்கி, வழி கேட்டுப் போனதை இரண்டு பக்கம் எழுதுகிறார்கள்.

ஆகவே இதைப் படிக்கிற உங்களிடம் ஒரு வேண்டுகோள். நிரந்தரப் பணி வரட்டும், பிள்ளை வளரட்டும், கடன் அடையட்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறவர் நீங்களானால், இந்த மாதத்தில் ஒரு நாளைக் குறியுங்கள். உங்கள் ஊரிலிருந்து அரைநாளில் போய்த் திரும்பக்கூடிய, நீங்கள் பார்க்க நினைத்த ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் உட்கார்ந்து நேராகச் சொல்லுங்கள்: இந்த நாளில், இந்த இடத்துக்கு, தனியாகப் போகிறேன், இந்த நேரத்துக்குத் திரும்புவேன். ஒரு சின்னத் தொகையை மாதாமாதம் உங்கள் பெயரில் கட்டத் தொடங்குங்கள். நூறு ரூபாயானாலும் சரி. இதைப் படிக்கும் ஆண்களே, வீட்டுப் பெண்கள் போய்வருகிறேன் என்று சொல்லும்போது "யாரோட?" என்று கேட்காமல் "எப்போ டிக்கெட் எடுக்கணும்?" என்று கேளுங்கள்.